‘எந்தப் பக்கம்?’ என்று கேட்காத அறை வேண்டும்

தென்னேரியிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறும் ஒரு கல்லூரி மாணவியை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். நம் தெருக்களில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய பெண். பி.காம். இரண்டாம் ஆண்டு. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினார்கள். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார். கடைசியில் தோழி ஒருத்தி சொல்லி, தனியார் கவுன்சலிங் அறை ஒன்றைத் தேடிப் போகிறாள்.

“உட்காரும்மா. என்ன படிக்கிற?”

“பி.காம். செகண்ட் இயர், மேடம்.”

“எந்த ஊரு?”

“தென்னேரி.”

“தென்னேரில எந்தப் பக்கம்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஊரா, காலனியா என்பதைத்தான் அது சுற்றிவளைத்துக் கேட்கிறது. கேட்டவருக்கு அந்த எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்ணின் வயிற்றில் முடிச்சு விழுந்துவிடுகிறது. “ஏரிக்கரைப் பக்கம், மேடம்” என்று மழுப்புகிறாள்.

பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்குகிறாள். கூடப் படிக்கும் பெண்ணின் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வந்த தோழிகள் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி. இவளுக்கு மட்டும் பேப்பர் கப். யாரும் எதுவும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

“நீ ரொம்ப யோசிக்கிறம்மா. டம்ளர் பத்தாம இருந்திருக்கும். இப்பல்லாம் யாரு அதப் பாக்குறாங்க? பாசிட்டிவா நினை.”

பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருகிறாள். மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் வரும் பேச்சு எதுவும் நமக்குப் புதிதல்ல. இந்த வாரம் நாம் பேச வந்தது, அந்தப் பெண்ணுக்கு அந்த அறையில் கிடைத்திருக்க வேண்டியது என்ன என்பதைத்தான். மனக்காயத்தை அறிந்து, யாரையும் ஒதுக்காமல் நடத்தும் ஆலோசனை என்று ஒரு முறை இருக்கிறது. அது பணம் உள்ளவர்களின் ஆடம்பரம் இல்லை. மற்ற யாரையும்விட நமக்குத்தான் அது அதிகம் தேவை.

பதினெட்டு ஆண்டுகள் ஆறாத காயம்

ஒரு பேப்பர் கப்புக்காக மூன்று மாதம் தூங்காமல் இருப்பார்களா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே பதில் சொல்லும்.

1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவும் அவர் அண்ணனும், அக்காவின் பிள்ளைகளும் கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலில் போனார்கள். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளை ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அன்பாகத்தான் விசாரித்தார். சாதி தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த இரவைக் கழித்தார்கள்.

பிறகு அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். அங்கே பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, கையில் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்த இரண்டையும் 1930களின் நடுவில் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். பரோடா சம்பவம் நடந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அது கண்முன் அப்படியே நிற்கிறது என்றும், கண்ணீர் இல்லாமல் அதை நினைக்க முடிவதில்லை என்றும் அதில் சொல்கிறார்.

அவ்வளவு படித்தவர், அவ்வளவு துணிந்தவர். அவர் நெஞ்சிலும் அந்தக் காட்சி மங்கவில்லை. நடந்தது முடிந்துபோகாமல், இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருவதைத்தான் மனநலத் துறை மனக்காயத்தின் அடையாளம் என்கிறது. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. அடிபட்ட இடம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வலி வரும்போது ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். தலைவலி, நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், கை கால் மரத்துப்போதல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் என்றுதான் வரும். சிலரிடம் குடியாக வரும். சிலரிடம் படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிடுவதாக வரும். நாமும் அதை உடம்புக் கோளாறு என்றோ, சோம்பேறித்தனம் என்றோ எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வியை மாற்றினால்

மனக்காயம் ஒரு நோய்ப் பெயராக மருத்துவப் புத்தகத்தில் ஏறியதே சமீபத்தில்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களும் விடாமல் போராடிய பிறகுதான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் பேசினால்தான் மருத்துவமும் காது கொடுக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போருக்கு நடுவே அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஒருவரின் காயத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு குடும்பமும் ஒரு ஊரும் ஒரு சமூகமும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று எழுதினார். ஆகவே மருந்துச் சீட்டு மட்டும் போதாது. ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, சமூகத்தோடு சேர்ந்துதான் ஆற்ற முடியும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

இந்த முறையில் நடக்கும் ஆலோசனை ஒரு கேள்வியை மாற்றிக் கேட்கிறது. ‘உனக்கு என்ன கோளாறு?’ என்பதை விட்டுவிட்டு, ‘உனக்கு என்ன நடந்தது?’ என்கிறது. முதல் கேள்வி குறையை அந்தப் பெண்ணிடம் தேடும். இரண்டாவது கேள்வி அவளைச் சுற்றி நடந்ததைப் பார்க்கும். 2014இல் அமெரிக்க அரசின் மனநல அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஆறு அடிப்படைகளைச் சொல்கிறது: பாதுகாப்பு, ஒளிவுமறைவற்ற நம்பிக்கை, அதே துன்பத்தைக் கடந்து வந்தவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுத்தல், சொல்லும் உரிமையும் தேர்ந்தெடுக்கும் உரிமையும், பண்பாடு - வரலாறு - பாலினம் பற்றிய அறிவு. ஆறாவதை நம் ஊருக்குத் தமிழாக்கினால், சாதி பற்றிய அறிவு என்றுதான் வரும்.

அப்படியானால் ஆலோசகர் சாதியைப் பற்றியே பேசக் கூடாதா? கட்டாயம் பேச வேண்டும். ‘எந்தப் பக்கம்?’ என்று துருவுவது ஒரு வகை. ‘இந்த அறையில் சாதியால் நடந்ததையும் நீ சொல்லலாம், நான் நம்புவேன்; எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்’ என்று சொல்வது இன்னொரு வகை. முன்னது பூட்டும். பின்னது திறக்கும்.

திறப்பதிலும் பக்குவம் வேண்டும். ஏரிப் பாசனம் தெரிந்தவர்கள் மதகை ஒரேயடியாகத் திறக்க மாட்டார்கள். திறந்தால் கீழே இருக்கும் பயிர் அடித்துக்கொண்டு போகும். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி, அழவைத்து, அப்படியே பஸ் ஏற்றி அனுப்புவது ஆலோசனை ஆகாது. அந்த இரவை அவள் தனியாகத்தானே கழிக்க வேண்டும்?

முதலில் காவல், பிறகு பேச்சு

1992இல் வெளிவந்த நூலில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் ஆறுதலின் படிகளை வரிசைப்படுத்தினார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நினைத்துப் பார்த்துத் துக்கப்படுவது. அதன் பிறகு மனிதர்களோடு மீண்டும் சேர்வது. பாதுகாப்பு ஏன் முதலில் நிற்கிறது என்பதை நாம் நாங்குநேரியில் பார்த்தோம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தார்கள். உடன் படிக்கும் மாணவர்கள் கொடுத்த தொல்லை வெளியே வந்தது. அதற்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

விசாரித்தது தவறில்லை. விசாரித்தேயாக வேண்டும். ஆனால் சொன்ன பிள்ளைக்கு அன்று மாலையிலிருந்து யார் காவல் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போயிற்று. ஆலோசகர்களும் ஆசிரியர்களும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். போர் முடிந்து வீடு திரும்பிய வீரனுக்கு ஆபத்து பின்னால் போய்விட்டது. நம் பிள்ளைக்கு மறுநாள் காலையும் அதே பஸ், அதே தெரு, அதே வகுப்பு. ‘பயப்படாதே’ என்று அவனிடம் சொல்வதற்கு முன், பயப்படக் காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். காரணம் இருந்தால் பள்ளி, காவல்துறை, வழக்கறிஞர், ஊரில் நம்பகமான பெரியவர் என்று துணை தேடித் தர வேண்டும். அவன் சம்மதத்தோடுதான் அதையும் செய்ய வேண்டும்.

அந்த மாணவன் சிகிச்சைக்கு நடுவே படித்து, 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். இந்தச் சம்பவத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதிப் பாகுபாட்டைக் கவனிப்பதும் அவர் வேலை. நம் பள்ளிகளில் அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்போம்.

எண்ணப்படாத கணக்கு

நம் மாவட்டத்திலும் ஒரு படம் உண்டு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். விடுவிக்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கும்பிட்ட படம் நாடு முழுவதும் போயிற்று.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்து இருக்கிறது. மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுத் தொகையும் உண்டு. அவையெல்லாம் கணக்கில் வருகின்றன. ஆனால் உரிமையைக் கொடுக்க வந்தவர் காலிலேயே விழ வைக்கும் அந்த நடுக்கத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, சமூக - பொருளாதார மறுவாழ்வு, மருத்துவ உதவி என்று பல உரிமைகளைத் தருகிறது. மனநல ஆலோசனையையும் இந்த மருத்துவ உதவிக்குள் கேட்டு வாங்க வேண்டும் என்பது நம் கருத்து. இழப்பீட்டு மனு எழுதும்போதே அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம்.

கட்டணமும் பலகையும்

தனியார் அறைக்கு வருவோம். நகரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் வாங்குவது சாதாரணம். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஒரு மணி நேரப் பேச்சுக்கு அம்மாவின் மூன்று நாள் உழைப்பு. அந்த மூன்று நாள் உழைப்பைக் கொடுத்து ‘நீ ரொம்ப யோசிக்கிறம்மா’ என்பதை வாங்கிவரக் கூடாது.

ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்டு போவோம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர் என்று பலகை வைப்பவர்களுக்கு நடைமுறையில் இதுபோல் ஒரே பதிவேடு இன்னும் வரவில்லை; 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவர்களையும் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அதனால் படிப்பையும் பயிற்சியையும் கேட்பது நம் உரிமை.

போனிலேயே கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. என்ன படித்திருக்கிறீர்கள்? சாதிக் கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? நான் சொல்வது வெளியே போகாதா? எந்த நிலையில் மட்டும் பிறருக்குச் சொல்வீர்கள்? கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்க வழி உண்டா? வேண்டாம் என்றால் நான் நிறுத்திக்கொள்ளலாமா? நல்ல ஆலோசகர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். மூன்றாவது கேள்வி கிராமத்துக்கு ரொம்ப முக்கியம். வாசலில் டோக்கன் கொடுப்பவர் நம் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால், நாம் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிடும்.

ஆலோசகர் நம் சமூகத்தவராகத்தான் இருக்க வேண்டுமா? இருந்தால் நல்லது, பாதிக் கதையை விளக்க வேண்டியிருக்காது. 1968இல் அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். இந்தியாவில் 2018இல் திவ்யா கண்டுகூரி தொடங்கிய ‘ப்ளூ டான்’ குழு, தலித் பகுஜன் மக்களைச் சாதியைப் புரிந்துகொண்ட ஆலோசகர்களோடு இணைக்கும் வேலையைச் செய்தது. நம் பிள்ளைகள் உளவியல் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வதும் இதனால்தான். ஆனால் அதுவரை காத்திருக்கவும் முடியாது. எந்தச் சாதியில் பிறந்த ஆலோசகரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். தன் சாதி தனக்கு எதையெல்லாம் பார்க்கவிடாமல் மறைத்தது என்று யோசிக்கத் தயாராக இருந்தால் போதும்.

சட்டம் எந்தப் பக்கம்?

2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையில் சாதி, பாலினம், மதம், வர்க்கம், மாற்றுத்திறன் என எதன் பெயராலும் பாகுபாடு கூடாது என்கிறது. சாதி என்ற சொல் அதில் தெளிவாகவே இருக்கிறது. சொன்னதை ரகசியமாகக் காப்பது 23ஆம் பிரிவு.

மாணவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், பாலினச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு பாகுபாடு இல்லாமல் பழக எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். கல்லூரி மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று நாளைக்கே கேளுங்கள்.

பணம் இல்லையென்றால் வழி அடைந்துவிடவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அதிலோ, சென்னை ஸ்நேகா அமைப்பின் 044-24640050 எண்ணிலோ உடனே பேசுங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் எப்படிப் பேசுவது என்றால், சாயங்காலம் நம்பகமான தோழியோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோய்ப் பேசுங்கள்.

வீட்டிலிருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை ஒன்றைச் சொல்லும்போது ‘நாங்க படாததா?’ என்று வாயை அடைக்காமல் இருப்போம். நாம் பட்டோம், யாரிடமும் சொல்லாமல் புதைத்தோம். அது நம் பிள்ளைகளுக்கும் விதியாக வேண்டியதில்லை.

அந்த மாணவி மறுபடி ஒருநாள் வேறு ஓர் அறையின் படி ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை உள்ளே இருப்பவர் ஊரைக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கிறார், தான் குடிப்பதுபோன்ற அதே டம்ளரில். “அவசரமில்லம்மா. உனக்கு என்ன நடந்துச்சுன்னு, எவ்வளவு சொல்லணும்னு தோணுதோ அவ்வளவு சொல்லு” என்கிறார். பேப்பர் கப்பைப் பற்றி அவள் சொன்னதும், “அது உனக்கு வலிச்சிருக்கும். அப்படிச் செஞ்சது தப்பு” என்கிறார்.

அன்று இரவே தூக்கம் வந்துவிடாது. ஆனால் அடுத்த வாரமும் அவள் பஸ் ஏறுவாள்.